தொண்ணூற்று நாலு மார்க்

டார்க்வில் மெல்ட்ரம் போட்டுக் கொடுத்த தேநீரில் கெட்டுப்போன பாலின் வாடை அடித்தது.

ஒரு மடக்கு உள்ளே போனதுமே வாட்டிக்குக் குடலைப் புரட்டியது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் லேசுப்பட்ட ஆளா என்ன? ஸ்பே நதிக் கரையில் 'மூக்கு' என்று பொதுவாகச் சொன்னாலே அது டார்க்வில்லைத்தான் குறிக்கும். கிளென்ஃபெர்னக் விஸ்கி வடிசாலையின் தலைமைச் சுவைஞர். அவர் மோந்து பார்த்து மார்க் போடாமல் அங்கிருந்து ஒரு பீப்பாய் விஸ்கி வெளியே போனதில்லை. அப்பேர்ப்பட்டவர் போட்ட தேநீரை வாட்டி மாதிரி ஒரு டிரைவர் குறை சொன்னால் ஊர் சிரிக்காதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கி வைத்தான்.

டார்க்வில் தன் கோப்பையை அடிவரை குடித்து முடித்தார். கவலையில் இருக்கிற மனுஷனுக்குத் தேநீர் எப்படி இருந்தால் என்ன, பாவம்.

"ஜன்னலையாவது சாத்தலாமா சார்?" என்றான் வாட்டி. "காது ரெண்டும் விறைச்சுப் போச்சு. கழண்டு விழுந்தா ஒட்டவைக்கக்கூட எங்கிட்ட வசதியில்ல."

"திறந்தே இருக்கட்டும்," என்றார் டார்க்வில்.

ஏப்ரல் மாதம்தான். ஆனாலும் மலை உச்சியில் பனி அப்படியே கிடந்தது. அந்தக் குளிர்காற்று டார்க்வில் வீட்டுச் சமையலறையின் எல்லா ஜன்னல் வழியாகவும் புகுந்து புறப்பட்டது. மூலையில் புத்தம் புதிய மின்சார அடுப்பு. அதன் பின்னால் சுவரில் பழைய கேஸ் குழாயின் வாயைப் பித்தளை மூடி போட்டு இறுக்கி அடைத்திருந்தார்கள்.

பால் ஊற்றாத தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த மார்ஜரி லீஸ்க் திரும்பினார். எல்ஜின் நகரில் கசாப்புக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவரிடம் வாட்டி டிரைவர், உதவியாளன், ஆள் இல்லாத நாளில் பெருக்குகிறவன். லீஸ்க் அதற்கு முன்னால் கலால் அதிகாரி. அந்தக் காலத்தில் விஸ்கிக் கிடங்குக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி வடிசாலையிடம், இன்னொன்று அரசாங்கத்திடம். இதே கிளென்ஃபெர்னக்கில் ஒரு சாவியோடு இளைஞன் டார்க்வில்லும் மறு சாவியோடு இளம்பெண் மார்ஜரியும் தினம் காலையில் ஒரே கதவின் முன்னால் நின்றவர்கள். இரண்டு பேரும் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏன் மேடம் என்று வாட்டி ஒருமுறை கேட்டான். அந்த மாதச் சம்பளம் தாமதமாக வந்தது.

"டார்க்வில், கடைசியா கேக்கறேன். பத்தொன்பதாம் பீப்பாயில கை வச்சது நீயா?"

"சொல்றதுக்கு எதுவும் இல்ல மார்ஜரி."

"சாயங்காலம் உங்க டைரக்டர் ஆக்னியூ போலீஸைக் கூட்டிட்டு வரப்போறாரு. விலங்கு போட்டு இழுத்துட்டுப் போவாங்க. புரியுதா உனக்கு?"

"புரியுது."

"பின்ன ஏன்யா வாயைத் திறக்க மாட்டேங்கற?" லீஸ்க்குக்குக் குரல் உடைந்தது. வாட்டி இதுவரை அப்படிக் கேட்டதில்லை.

டார்க்வில் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

விஷயம் இவ்வளவுதான். பத்தொன்பதாம் பீப்பாய் முப்பத்தைந்து வருடச் சரக்கு. கடைசி இரண்டு வருடம் ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாற்றி, மெருகேற்றி வைத்திருந்தார்கள். ஒசாகாவிலிருந்து ஒரு பெரும் பணக்காரர் அதை அப்படியே விலை பேசினார். போன வாரம் அவருடைய ஆள் வந்து கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். அடுத்த நிமிடம் கீழே வைத்துவிட்டார். "இது கடையில கிடைக்கிற சரக்கு" என்று ஒரே வார்த்தை. எடின்பரோவிலிருந்து டைரக்டர் ஆக்னியூ பறந்துவந்தார். மாதாமாதம் நாலு பேர் குழு மோந்து பார்த்து மார்க் போடும் சோதனை உண்டு. மார்ச் மாதச் சோதனையில் அதே பீப்பாய்க்கு டார்க்வில் போட்ட மார்க் தொண்ணூற்று நாலு. ஆகவே மார்ச் மாதம் சரக்கு நன்றாகத்தான் இருந்திருக்கிறது, மாற்றியது அதற்குப் பிறகுதான் என்று ஆக்னியூ முடிவுகட்டினார். கிடங்குச் சாவி இருப்பது இரண்டே பேரிடம். கிடங்கு மேனேஜர் லக்லன் முன்ரோ பிப்ரவரிச் சோதனை முடிந்ததுமே மூட்டு அறுவைச் சிகிச்சைக்கு அபர்டீன் போனவர், நேற்றுதான் கைத்தடியோடு திரும்பினார். மிச்சம் யார்? டார்க்வில்தான்.

காரில் ஏறியதும் வாட்டி ஆரம்பித்தான்.

"மேடம், உங்க பழைய சிநேகிதர் திருடரோ இல்லையோ, டீயில விஷம் வைக்கறவர். பால் செத்து ரெண்டு நாளாவது ஆகியிருக்கும். அதை மனுஷன் சொட்டு விடாம குடிச்சாரு."

லீஸ்க் காதில் வாங்கவில்லை. "பிப்ரவரியில அந்தப் பீப்பாய்க்குள்ள என்ன இருந்துச்சுங்கறது தெரியணும் வாட்டி. அது தெரிஞ்சா போதும். அப்பவே போலி இருந்துச்சுன்னா, மாத்தினது லக்லன் ஊர்ல இருந்தப்போ. டார்க்வில் மேல மட்டும் பழி போட முடியாது."

"பிப்ரவரி மாச விஸ்கிக்கு எங்க போறது? அதெல்லாம் அன்னைக்கே நாலு பேர் வயித்துக்குள்ள போயிருக்கும்."

மூக்கு ஒழுகியது. கைக்குட்டை எடுக்க முன்பெட்டியைத் திறந்தான். விரல் நீளக் குட்டிப் பாட்டில்கள் கலகலவென்று லீஸ்க் மடியில் உருண்டன.

"என்னடா இது?"

"என் சாபக்கேடு மேடம். நீங்க எங்க விருந்துக்குப் போனாலும் நான்தானே ஓட்டறேன்? வண்டி ஓட்டறவன் வாயில ஒரு சொட்டு பட்டாலும் லைசென்ஸ் போயிடும். அதான் டிரைவர் பங்குன்னு எல்லா வடிசாலையிலயும் குட்டிப் பாட்டில்ல ஊத்திக் குடுத்தனுப்பறாங்க. ஓய்வு பெற்ற பிறகு ஒரேயடியா உட்கார்ந்து…"

"வாட்டி!" லீஸ்க் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "சோதனைக் குழுவுல கார் ஓட்டிட்டு வர்றது யாரு?"

வாட்டி வாயைப் பிளந்தான். டார்க்வில்லும் லக்லனும் நடந்து போகிற தூரத்தில் இருப்பவர்கள். ஆய்வறைப் பையனுக்கு சைக்கிள். பாட்டில் பிரிவின் ஜெசி பிர்னி மட்டும் டோமின்டூல் மலையிலிருந்து வருகிறவள். அந்த ஊருக்கு ஒழுங்காகப் பஸ்கூடக் கிடையாது.

"மேடம், நான் சில சமயம் மேதைதான் இல்ல?"

"வண்டியை எடு."

ஜெசி பிர்னி கையில் மாவோடு கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"டார்க்வில் சாரா? திருட்டா? அடப்பாவிகளா! அந்த மனுஷன் கடன் வாங்கின பேனாவைக்கூடத் திருப்பிக் குடுப்பாரே! உள்ள வாங்க. தம்பி, காலைத் துடைச்சுட்டு வா."

குட்டிப் பாட்டில்கள் இருந்தன. பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் பீப்பாய் எண்ணும் மாதத்தின் பெயரும் எழுதிய ஒட்டுத்தாள். மகனுக்கு ஜூன் மாதம் கல்யாணம், விருந்துக்கு வருகிற முக்கியமானவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுக்க உத்தேசம் என்றாள்.

"நீங்க ஒண்ணாவது குடிச்சுப் பாக்கலயாக்கா?" என்றான் வாட்டி.

"விஸ்கியா? சீ! வேலைக்காக மோந்து பாக்கறதோட சரி. வீட்ல நான் ஜின் குடிக்கிறவ. வெளிய சொல்லிடாதே தம்பி, வேலை போயிடும்." அலமாரியிலிருந்து ஒரு சின்ன பாட்டில் ஜின்னை எடுத்து அவன் பையில் திணித்தாள். "நீ ஓட்டறவன். வீட்டுக்குப் போய்க் குடி."

"இதோ, இன்னொண்ணு சேர்ந்துச்சு," என்று வாட்டி பெருமூச்சு விட்டான்.

லீஸ்க் டப்பாவிலிருந்து பத்தொன்பதாம் பீப்பாயின் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தார். மூன்று கண்ணாடிக் கிளாஸ் கேட்டார். குழாயில் வருவதோ பனி உருகிய தண்ணீர், கைபட்டால் சுரீரென்றது.

"பீப்பாயிலேர்ந்து நேரா வர்ற விஸ்கியில கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருக்கும்," என்றார் லீஸ்க். "குளிர்ந்த தண்ணி பட்டா மூடுபனி மாதிரி கலங்கும். கடைக்குப் போற சரக்கைக் குளிர வச்சு வடிகட்டிடுவாங்க. இல்லாட்டி ஐஸ் போட்டதும் கலங்கிடுச்சுன்னு வாங்கினவன் சண்டைக்கு வருவான். வடிகட்டின சரக்கு கலங்காது."

"திருடன் ஏன் கடைச் சரக்கை ஊத்தணும்? கிடங்குல இன்னொரு பீப்பாய்லேர்ந்து ஊத்தலாமே?"

"எல்லாப் பீப்பாய்க்கும் கலால் கணக்கு இருக்கு. இங்க ஊத்தினா அங்க குறையும். கடையில வாங்கினா எவன் கேப்பான்?"

"சோதனைல இது யார் கண்ணுலயும் படலியா? நாலு பேர் உட்கார்ந்து என்ன பண்ணீங்கக்கா?"

"எங்க படும்?" என்றாள் ஜெசி. "நிறத்தைப் பாத்து ஏமாறக் கூடாதுன்னு எங்களுக்குக் குடுக்கறது கருநீலக் கிளாஸ். உள்ள விஸ்கி இருக்கா சாக்கடை இருக்கான்னுகூடத் தெரியாது."

லீஸ்க் ஜனவரிப் பாட்டிலில் பாதியை ஊற்றித் தண்ணீர் விட்டார். தங்க நிறத்துக்குள் வெண்மை மெல்லப் பரவி, கிளாஸ் முழுக்க மங்கியது. அசல்.

பிப்ரவரி. தண்ணீர் விழுந்தது. பளிச்சென்று இருந்தது. இன்னும் விட்டார். அப்போதும் பளிச்.

மார்ச்சும் அப்படியே.

"மாட்டிக்கிட்டான்!" வாட்டி மேசையில் ஓங்கித் தட்டினான். "ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் நடுவுல மாத்தியிருக்கான். லக்லன் அப்ப ஊர்லதான் இருந்தாரு. மூட்டும் நல்லா இருந்துச்சு. மேடம், உங்க ஆள் தப்பிச்சாரு!"

லீஸ்க் சிரிக்கவில்லை. அப்போதுதான் வாட்டிக்கும் உறைத்தது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கடைச் சரக்கு. அதற்கு டார்க்வில் தொண்ணூற்று நாலு போட்டிருக்கிறார். ஸ்பே நதிக் கரையின் மூக்குக்குக் கடைச் சரக்கு தெரியாதா? தெரிந்தும் மார்க் போட்டிருந்தால் என்ன அர்த்தம்? அவரும் கூட்டு. நல்ல லட்சணம்! காப்பாற்ற வந்து தூக்குக் கயிறு திரித்துக் கொடுத்தாயிற்று.

"ஜெசி, மார்ச் மாசம் உங்களுக்கு அது எப்படி இருந்துச்சு?" லீஸ்க் மெதுவாகக் கேட்டார்.

ஜெசி முந்தானையில்லாத குறைக்கு மேலங்கியின் ஓரத்தைத் திருகினாள். "நிஜத்தைச் சொல்லட்டுமா? சப்புன்னு இருந்துச்சும்மா. ஜலதோஷமோன்னு நினைச்சுக்கிட்டேன். எங்க வழக்கம் தெரியுமில்ல? பெரியவர்தான் முதல்ல மோந்து பாப்பார். ஆனா மார்க் சொல்றது கடைசில, மத்தவங்க அவரைப் பாத்துக் காப்பியடிக்கக் கூடாதுன்னு. அன்னைக்கு அவர் மோந்துட்டுக் கண்ணை மூடி லேசா சிரிச்சாரு. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது? தொண்ணூறுன்னேன். பையன் தொண்ணூத்தி மூணுன்னான். எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் தொண்ணூத்தி நாலுன்னாரு."

"எல்லா மாசமும் அப்படித்தானா?"

"எப்பவும் எங்க மார்க்கை ஒட்டித்தான் வரும். நாங்களும் தேறிட்டோம்னு பெருமைப்பட்டுக்குவோம்."

மிச்சமிருந்த ஜனவரிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். மலைப்பாதையில் பாதி இறங்குவதற்குள் லீஸ்க், "வண்டியை ஓரங்கட்டு" என்றார்.

"டீயைப் பத்தி என்னமோ சொன்னியே. திரும்பச் சொல்லு."

"பால் கெட்டிருந்துச்சு. நாத்தம். அவர் ரசிச்சுக் குடிச்சாரு…" வாட்டி பாதியில் நிறுத்தினான்.

"ஜன்னல்?"

"எல்லாம் திறந்து கிடந்துச்சு. கேஸ் குழாயை அடைச்சு வச்சிருந்தாரு. புது மின்சார அடுப்பு…" வாட்டி ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்துவிட்டான். "ஐயோ! மேடம், கேஸ் கசிஞ்சா அவருக்குத் தெரியாது!"

"தெரியாது," என்றார் லீஸ்க். "பாலும் தெரியாது, கேஸும் தெரியாது, விஸ்கியும் தெரியாது. அவங்க இவர் சிரிப்பைப் பாத்து மார்க் போட்டாங்க. இவர் அவங்க மார்க்கைக் கேட்டு மார்க் போட்டாரு. ஒருத்தரும் மோந்து பாக்கல."

வாட்டிக்குச் சிரிப்பு வர வேண்டிய விஷயம். வரவில்லை.

வடிசாலையின் சாம்பிள் ரூமில் டார்க்வில் தனியாக உட்கார்ந்திருந்தார். சுவர் முழுக்கப் பாட்டில்கள், முன்னால் மேசையில் கருநீலக் கிளாஸ்கள். லீஸ்க் சுற்றி வளைக்கவில்லை. நேராகக் கேட்டார்.

"எப்ப போச்சு?"

டார்க்வில் ஒரு கிளாஸைத் தள்ளி வைத்தார். பிறகு, "ரெண்டு வருஷம் ஆச்சு," என்றார். "பத்தொன்பதை ஷெர்ரி பீப்பாய்க்கு மாத்தின வாரம் ஃப்ளூ வந்துச்சு. காய்ச்சல் போச்சு, இது திரும்பி வரல. அந்தப் பீப்பாயைத் தேடித் தேடி எடுத்தவன் நான். அது சரக்குக்கு என்ன பண்ணுச்சுன்னு ஒரு நாள்கூட எனக்குத் தெரியாது மார்ஜரி. மூக்குல சுள்ளுனு ஏறும். அவ்வளவுதான். சாராயமா விஸ்கியான்னு தெரியாது."

"லக்லனுக்குத் தெரியும், இல்ல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாசாமாசம் நீ மோந்து பாக்கற பீப்பாய்ல போலியை ஊத்தி வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? உன் மூக்கு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சவனுக்குத்தான். அவன் எப்படித் தெரிஞ்சுக்கிட்டான்?"

"போன குளிர்காலம் அடுப்புல கேஸ் கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் பேப்பர் படிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கதவைத் திறந்துட்டு ஓடி வந்து, அடுப்பை மூடி, என்னை வெளிய இழுத்துப் போட்டான். யார்கிட்டயும் சொல்லல. புது அடுப்பு மாட்டினதுகூட அவன்தான்." டார்க்வில் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அன்னைக்கு அவன் வரலன்னா நான் இல்ல. ஒரு பீப்பாயை எடுத்துக்கிட்டான். போகட்டும்."

"போகட்டுமா? நீ ஜெயிலுக்குப் போவய்யா! உன்னோட தொண்ணூத்தி நாலுதான் அவனுக்குக் காவல். அது பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லு. ஆக்னியூகிட்ட நான் பேசறேன்."

"சொன்னா என்ன ஆகும்? ரெண்டு வருஷமா இங்கிருந்து போன ஒவ்வொரு பாட்டில்லயும் என் கையெழுத்து இருக்கு. மூக்கில்லாதவன் கையெழுத்து. அத்தனையும் திரும்பி வரும். கம்பெனி தாங்காது. இந்தப் பள்ளத்தாக்குல இதை விட்டா வேற என்ன வேலை இருக்கு?" அவர் வாட்டியைப் பார்த்தார். "உங்க அக்கா வீட்டுக்காரர் எங்க பாட்டில் பிரிவுலதானே தம்பி இருக்காரு?"

வாட்டி தலையை ஆட்டினான்.

"நான் திருடன்னா பழி என்னோட போயிடும்," என்றார் டார்க்வில். "அதோட, திருடனுக்கு மூக்கு இருந்துச்சுன்னு சொல்வாங்க. அதையாவது எனக்கு விட்டுக்குடு மார்ஜரி."

கீழே கார் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. டார்க்வில் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். போலீஸ் கார் வாசலில் நின்றது. படியில் ஆக்னியூவின் காலடியும் அதன் பின்னால் ஒரு கைத்தடியின் டொக் டொக்கும் ஏறிவந்தன.

லீஸ்க் முதுகுக்குப் பின்னால் வாட்டியிடம் கை நீட்டினார். "அந்த ஜின்னைக் குடு," என்று கிசுகிசுத்தார்.

வாட்டி பையிலிருந்து பாட்டிலை எடுத்தான். புரிந்துவிட்டது. ஆக்னியூவுக்கு விஸ்கி தெரியாதுதான். ஆனால் ஜின் யாருக்குத் தெரியாது? டார்க்வில் அதை விஸ்கி என்று சொல்லி மார்க் போடட்டும், பிறகு கிளாஸை ஆக்னியூவின் மூக்கருகே நீட்டினால் போதும். வேறு சாட்சியே தேவையில்லை. அவர் கெஞ்சிக் கேட்டதை மிதித்துக்கொண்டு அவரைக் காப்பாற்றப் போகிறார் மேடம். சரியா, தப்பா? வாட்டிக்குத் தெரியவில்லை. பாட்டிலைக் கொடுத்தான். லீஸ்க் கருநீலக் கிளாஸில் ஊற்றினார்.

ஆக்னியூ கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். லக்லன் அவரைத் தாண்டி உள்ளே வந்து, மேசையருகே கைத்தடியை ஊன்றி, வருத்தமான முகத்தோடு நின்றார்.

"என்ன மிஸ் லீஸ்க், ஏதாவது கிடைச்சுதா?"

"ஜனவரி மாசத்துச் சாம்பிள் கொஞ்சம் மிச்சம் கிடைச்சுது. அசல் சரக்கு. இவரை அழைச்சுட்டுப் போறதுக்கு முன்னால ஒரு தடவை பாக்கட்டும். அசல் எப்படி இருந்துச்சுங்கற சாட்சி உங்களுக்கும் தேவைப்படும்."

டார்க்வில் கிளாஸை வாங்கினார். அடியைப் பிடித்து மெல்லச் சுழற்றினார். மூக்கருகே கொண்டுபோனார். ஜின்னின் வாசம், வெட்டிப்போட்ட பைன் கட்டை மாதிரி, வாட்டி நின்ற இடம் வரைக்கும் குப்பென்று அடித்தது. லக்லனின் மூக்கும் விடைத்தது. அவருடைய முகம் வெளிறிப்போனது.

டார்க்வில் கண்ணை மூடினார். லேசாகச் சிரித்தார்.

"இதை நிரப்பின அன்னைக்குப் பனி பெய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு," என்றார். "கதவுக்கு ரெண்டு சாவி. அரசாங்கச் சாவிக்காரி லேட்டா வந்தா. கை விறைச்சு, சாவி பூட்டுக்குள்ள போகல. நான் அவ கையைப் பிடிச்சுத் திருப்பினேன். கதவைத் திறந்ததும் ஒரு வாசம் வந்துச்சு பாருங்க. ஈரமண், பழைய ஓக் கட்டை, ஆப்பிள் அழுகுறதுக்கு முந்தின நாள் வருமே, அந்த வாசம். அதெல்லாம் இதுல அப்படியே இருக்கு. மேல ஷெர்ரி உட்கார்ந்திருக்கு, அமுக்காம. உலர்ந்த அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் வால்நட். இவ்வளவு நல்லா வரும்னு நான் நினைக்கல. தொண்ணூத்தி நாலு. அதுக்கு மேல போட எனக்குத் தைரியமில்ல."

ஆக்னியூ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன மூக்குய்யா உங்களுக்கு!" என்றார். "இப்படி ஒரு மூக்கை வச்சுக்கிட்டு ஏன்யா இந்தக் காரியம் பண்ணீங்க?"

"பண்ணிட்டேன்," என்றார் டார்க்வில். "எங்க போச்சு, யாருக்கு வித்தேன்னு கேக்காதீங்க. நான்தான்."

"குடுங்க, நானும் ஒரு தடவை பாக்கறேன்." ஆக்னியூ கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

டார்க்வில் திருப்பிக் கொடுத்த கிளாஸ் அப்போது லீஸ்க் கையில் இருந்தது. ஒரு எட்டு வைத்தால் போதும். வாட்டி மனசுக்குள் கத்தினான்: நீட்டுங்க மேடம், நீட்டிடுங்க! லக்லன் கைத்தடியை இறுகப் பிடித்திருந்தார், விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. லீஸ்க் டார்க்வில்லைப் பார்த்தார். டார்க்வில் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

லீஸ்க் கிளாஸைத் தூக்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டார். ஜின்னை அப்படிக் குடித்துப் பழக்கமில்லாததால் கண்ணில் நீர் முட்டியது.

"மன்னிச்சுக்கோங்க," என்றார். "மிச்சமில்ல. அவர் சொன்னது சரி. தொண்ணூத்தி நாலு."

லக்லன்தான் டார்க்வில்லின் கோட்டை ஆணியிலிருந்து எடுத்துவந்தார். தடியைச் சுவரில் சாத்திவிட்டு, கைகளை நுழைக்க உதவி, பொத்தான்களையும் போட்டுவிட்டார். ஒரு பொத்தான் மாறிப்போனது, கழற்றி மறுபடி போட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வாட்டிக்கு அவரை நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. எந்தக் குற்றத்தைச் சொல்லி அறைவது?

வாசலைத் தாண்டும்போது டார்க்வில் ஒரு நொடி நின்றார். லீஸ்க் காதருகே குனிந்தார்.

"என்ன இருந்தாலும் அசலைக் கொண்டுவந்து என் கையில குடுத்தியே. ரொம்ப நன்றி மார்ஜரி," என்றார். "எனக்குத்தான் குடுத்துவைக்கல. நீ குடிச்சியே, நான் சொன்ன மாதிரிதானே இருந்துச்சு?"

லீஸ்க்கின் மூச்சில் ஜின் வாசம் வீசியது. அது டார்க்வில்லின் முகத்தின் மேலேயே பட்டது.

"அப்படியேதான்," என்றார் லீஸ்க். "அத்திப்பழம்கூட இருந்துச்சு."

டார்க்வில் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார்.